துத்தநாகத் தகடும் கரண்ட் பில்லும்

1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கில் எடிசனின் பேர்ல் தெரு மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. விளக்கு எரிந்த கதை எல்லோருக்கும் தெரியும். காசு வசூலித்த கதைதான் சுவாரசியம்! கேஸ் விளக்குக்குக் கன அடிக் கணக்கில் பணம் கட்டிப் பழகிய ஊர் அது. கண்ணுக்குத் தெரியாத கரண்டை எதை வைத்து அளப்பது?

அதற்கு முன்பே, 1872-ல், சாமுவேல் கார்டினர் என்பவர் ஒரு மீட்டர் செய்திருந்தார். விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்பதை மட்டும் அது காட்டும். ஒரே விளக்கு என்றால் அது போதும். ஒரு கடையில் சில நேரம் இரண்டு, சில நேரம் இருபது விளக்கு எரிந்தால் கணக்கு உதைக்கும். நேரத்தோடு மின்னோட்டத்தின் அளவும் பதிவாக வேண்டும்.

எடிசன் ஃபாரடேயின் மின்னாற்பகுப்பு விதியைப் பிடித்துக்கொண்டார். துத்தநாக சல்பேட் கரைசல் நிரப்பிய கண்ணாடி ஜாடி, அதில் துத்தநாகத் தகடுகள். மின்னோட்டம் பாய்ந்தால் ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து இன்னொன்றில் படியும். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் சுமார் 1.2 கிராம். முழு மின்னோட்டத்தையும் ஜாடி வழியாக விட்டால் மாதத்துக்குக் கிலோ கணக்கில் கரைந்துவிடும். ஆகவே பெரும்பகுதியைப் பக்கவழியில் திருப்பிவிட்டு, மிகச் சிறு பங்கை மட்டும் ஜாடிக்குள் அனுப்பினார். மாதம் ஒருமுறை ஆள் வந்து தகட்டைக் கழற்றிப் போய் தராசில் நிறுத்தால் பில் ரெடி. குளிர்காலத்தில் கரைசல் உறையாமல் இருக்க உள்ளேயே ஒரு பல்பு. குளிர் கூடினால் தானாக எரியும். ஓடுகிற உறுப்பு ஒன்றுகூட இல்லாத இந்த ஏற்பாடு உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமானது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வாடிக்கையாளர் ஜாடியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. கம்பெனி சொன்னதுதான் எடை. வங்கி முதலாளி ஜே.பி. மார்கனே நம்பவில்லையாம். 1910-ல் வெளிவந்த எடிசன் வாழ்க்கை வரலாற்றில் இந்தக் கதை வருகிறது. மார்கன் தன் அலுவலகத்தில் ஒவ்வொரு விளக்கிலும் அட்டை தொங்கவிட்டு, எரிந்த நேரத்தைக் குறிக்கச் சொன்னார். மாதக் கடைசியில் பில் அட்டைக் கணக்கைவிட அதிகம். விசாரித்தால், இரவில் பெருக்க வருபவர் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்திருக்கிறார். அதை யாரும் அட்டையில் எழுதவில்லை. அடுத்த மாதம் அதையும் சேர்த்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போயின. ஜாடி சரிதான். ஆனால் எல்லாக் கடைக்காரரும் அட்டை தொங்கவிட்டா பார்க்க முடியும்?

பிறகு மாறுதிசை மின்னோட்டம் வந்தது. திசை மாறி மாறிப் பாய்ந்தால் கரைந்த துத்தநாகம் திரும்பி வந்துவிடும், தகட்டில் கணக்கே நிற்காது. 1888-ல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் ஷாலன்பெர்கர் ஒரு ஆர்க் விளக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து கழன்று விழுந்த சின்ன ஸ்பிரிங் தானாகச் சுழல்வதைக் கவனித்தார். அதிலிருந்தே மாறுதிசை மின்னோட்டத்துக்கான ஆம்பியர்-மணி மீட்டர் பிறந்தது. மறு ஆண்டே எலிஹு தாம்சன் இருவகை மின்னோட்டத்துக்கும் ஏற்ற வாட்-மணி மீட்டரைக் கொண்டுவந்தார். முள் நகர்வதை வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ளலாம், தராசு வேண்டாம்.

1892-ல் எடிசனின் கம்பெனியும் தாம்சனின் கம்பெனியும் இணைந்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆனது. அப்புறம் ஜாடிக்கு அங்கே என்ன வேலை?