இணையக் குழுமங்களின் உள்ளடக்க விதிகள்

இணையத்தில் கூடிப் பேசுவோர் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது, வரம்பு மீறினால் என்ன ஆகும், அதை யார் தீர்மானிப்பார் என்பவற்றை முன்கூட்டியே எழுதி, அனைவரும் படிக்கும்படி வைத்திருக்கும் ஏற்பாடு உள்ளடக்க விதிகள் எனப்படும். விதிகளைச் செயற்படுத்தும் வேலை மட்டுறுத்தல். அதைச் செய்பவர் மட்டுறுத்துநர். பெரிய நிறுவனங்களில் இது சம்பள வேலை. மற்ற இடங்களில் தன்னார்வலர்களே தங்கள் ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவத்தில், விதி கடுமையாக இருப்பதைவிடத் தெளிவாக இருப்பதே குழுமங்களைக் காத்திருக்கிறது. ஒரே பதிவை இரண்டு மட்டுறுத்துநர்களிடம் தனித்தனியே காட்டினால் இருவரும் ஒரே முடிவைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல இடம் தராத விதி, எழுதப்பட்டிருந்தாலும் எழுதப்படாததற்குச் சமம்.

யூஸ்நெட் காலம்

இத்தகைய விதிகளின் தோற்றத்தை யூஸ்நெட் என்னும் உரையாடல் வலைப்பின்னலில் காணலாம். அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோர் 1979இல் இதைத் திட்டமிட்டனர். முதல் நிரலை எழுதியவர் அருகிலுள்ள சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பெல்லோவின். 1980 முதல் இது மற்ற இடங்களுக்கும் பரவியது. கணினிகள் தொலைபேசி வழியே ஒன்றையொன்று அழைத்துப் புதிய செய்திகளை மாற்றிக்கொண்டன. மையக் கணினி என்று எதுவும் இல்லை. ஒரு செய்தி ஊர் ஊராகக் கைமாறிச் சென்றதால் அதை வழியில் நிறுத்தும் அதிகாரம் எவருக்கும் இல்லை. எந்தச் செய்திக்குழுவைத் தம் கணினியில் வைத்திருப்பது என்பதை மட்டுமே அந்தந்த நிர்வாகி முடிவு செய்ய முடிந்தது.

அதிகாரம் இல்லாத இடத்தில் வழக்கம்தான் விதியாக இருந்தது. அவ்வழக்கங்களுள் மிக நேர்த்தியானது, நகைச்சுவைக் குழுவில் 1980களின் தொடக்கத்தில் பரவிய ராட்-13 முறை. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் பதிலாக அதிலிருந்து பதின்மூன்றாவதாக வரும் எழுத்தைப் போட்டால் வாசகம் புரியாத எழுத்துக் குவியலாகிவிடும். எழுத்துகள் 26 என்பதால் அதே செயலை மறுபடி செய்தால் பழைய வாசகம் திரும்பும். சிலரைப் புண்படுத்தக்கூடிய நகைச்சுவைகளை இப்படி மாற்றித்தான் போட வேண்டும் என்பது ஏற்பாடு. எதுவும் தடை செய்யப்படவில்லை. படிக்க விரும்புகிறவர் தாமே ஒரு விசையை அழுத்தித் திறந்து படித்தார். திறந்த பிறகு குறை சொல்ல அவருக்கு நியாயம் இல்லை. எழுதுபவரின் உரிமை, படிப்பவரின் சம்மதம் இரண்டையும் ஒரே ஏற்பாட்டில் அடக்கிய இந்த முறைக்கு ஈடாகச் சொல்லத்தக்கவை பின்னாளிலும் மிகச் சிலவே.

புதியவர்களுக்காகச் சக் வான் ரோஸ்பாக் எழுதிய யூஸ்நெட் அறிமுகக் கையேடு குறிப்பிட்ட இடைவெளிகளில் திரும்பத் திரும்பப் பதியப்பட்டது. எதிரில் இருப்பதும் மனிதர்தான் என்பதை மறக்க வேண்டாம், முழுவதும் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள் என்ற வகையிலான அறிவுரைகள் அதில் இருந்தன. இந்த மரபின் நிறைவான வடிவம் 1995 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த ஆர்.எஃப்.சி. 1855 என்னும் ஆவணம். குழுவில் எழுதத் தொடங்கும் முன் ஒன்றிரண்டு மாதம் படித்துக்கொண்டிருக்க வேண்டும், கையொப்பம் நான்கு வரிக்கு மேல் போகக் கூடாது, முழுவதும் பெரிய எழுத்தில் எழுதுவது கத்துவதாகும் என்பன போன்றவை அதிலுள்ளன. ‘நான்கு வரி’ என்பதில் சண்டைக்கு இடமில்லை. ‘பண்போடு எழுதுக’ என்பதில்தான் எல்லாச் சண்டையும் தொடங்குகிறது.

குழுக்கள் பெருகியபோது வகைப்படுத்தலே ஒரு விதியானது. 1986–87இல் நடந்த பெரும் பெயர்மாற்றத்தில் செய்திக்குழுக்கள் காம்ப், மிஸ்க், நியூஸ், ரெக், சை, சோக், டாக் என்ற ஏழு பிரிவுகளாயின. கணினி முதல் பிரிவிலும் அறிவியல் சை பிரிவிலும் அமைந்தன. சமூகமும் பண்பாடும் சோக் பிரிவுக்கு வந்தன. சோக்.கல்ச்சர்.தமிழ் என்ற குழு இந்தச் சோக் பிரிவைச் சேர்ந்தது. சமயம், அரசியல் போன்ற முடிவில்லா வாதங்களுக்கு டாக் பிரிவு ஒதுக்கப்பட்டது. செலவையும் தொல்லையையும் விரும்பாத நிர்வாகி அந்தப் பிரிவை முழுவதுமாக விட்டுவிடலாம். புதிய குழு தொடங்கப் பொது விவாதமும் அதன்பின் வாக்கெடுப்பும் நடந்தன. ஆதரவு வாக்குகள் எதிர்ப்பைவிட நூறாவது கூடுதலாக இருக்க வேண்டும். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கும் எட்ட வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை ஏற்காத பிரையன் ரீட், ஜான் கில்மோர், கோர்டன் மோஃபெட் ஆகியோர் 1987இல் ஆல்ட் என்ற தனிப் பிரிவைத் தொடங்கினர். அங்கே வாக்கெடுப்பு கிடையாது. விதியுள்ள பகுதியும் விதியற்ற பகுதியும் ஒரே வலைப்பின்னலில் அருகருகே இருந்தன. எங்கே எழுதுகிறோம் என்பதைக் குழுவின் பெயரே எழுதுபவருக்குச் சொல்லிவிட்டது.

1994 ஏப்ரல் 12 அன்று அரிசோனா மாநில வழக்கறிஞர்களான லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் தம்பதி, அமெரிக்கக் குடியேற்ற அட்டைக் குலுக்கலுக்கு உதவுவதாக ஒரு விளம்பரத்தை ஆயிரக்கணக்கான செய்திக்குழுக்களில் போட்டனர். ஒரே செய்தியைப் பல குழுக்களுக்கும் பொதுவாக இணைத்திருந்தால் வாசகர் அதை ஒருமுறை பார்த்ததோடு முடிந்திருக்கும். குழுவுக்கொன்றாகத் தனித்தனியே போட்டதால், எந்தக் குழுவைத் திறந்தாலும் அதே விளம்பரம் வந்து நின்றது. கோபம் உலகளாவியதாக இருந்தது. ஆனால் இதைத் தடுக்கும் எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதே ஆண்டு சனவரியில் இயேசுவின் வருகையை அறிவிக்கும் செய்தி ஒன்றும் இவ்வாறே எல்லாக் குழுக்களிலும் போடப்பட்டிருந்தது. விளம்பரம் கூடாது என்று விதி செய்தால் சமயப் பரப்புரை தப்பிவிடும். சமயம் கூடாது என்றால் சமயக் குழுக்களை என்ன செய்வது?

இந்த முடிச்சை அவிழ்த்தவர் சேத் பிரைட்பார்ட். அவர் பெயரால் வழங்கும் அளவுகோல், செய்தி என்ன சொல்கிறது என்று கேட்பதே இல்லை. ஒரு செய்தியின் ஒவ்வொரு படியும் எத்தனை குழுக்களுக்கு இணைத்து அனுப்பப்பட்டது என்று பார்த்து, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து, எல்லாப் படிகளுக்கும் கூட்ட வேண்டும். ஒன்பது குழுக்களுக்குப் பொதுவாகப் போட்ட ஒரு செய்தியின் மதிப்பு 3. அதையே ஒன்பது முறை தனித்தனியே போட்டால் மதிப்பு 9. நாற்பத்தைந்து நாள்களுக்குள் இந்தக் கூட்டுத்தொகை 20ஐ எட்டினால் அது எரிதம் (ஸ்பேம்). தன்னார்வலர்கள் அதை நீக்க ஆணை அனுப்பலாம். வணிகரோ, மதப் பரப்புரையாளரோ, நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுபவரோ, எல்லாருக்கும் ஒரே கணக்கு. நீக்கியவரின் நேர்மையைச் சந்தேகிப்பவர் தாமே எண்ணிப் பார்க்கலாம். இணையக் குழுமங்களின் வரலாற்றில் இவ்வளவு தெளிவான விதிகள் மிகச் சிலவே.

லாம்டாமூ

விதி இல்லாமையின் விலையை உலகுக்குக் காட்டியது லாம்டாமூ. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பவெல் கர்டிஸ் 1990இல் தொடங்கிய இந்த எழுத்துவழி உலகில், பயனர்கள் பாத்திரங்களாக உலவி, அறைகளையும் பொருள்களையும் தாங்களே நிரலாகப் படைத்தனர். அதை நிர்வகித்தவர்களுக்கு மந்திரவாதிகள் என்று பெயர். ஓயாத தகராறுகளுக்குத் தீர்ப்புச் சொல்லிச் சலித்த அவர்கள், இனித் தொழில்நுட்ப வேலை மட்டுமே செய்வோம், சமூக விவகாரங்களில் தலையிட மாட்டோம் என்று 1992 டிசம்பரில் அறிவித்தனர். விலகும்போது தங்களுக்குப் பதிலாக எந்த விதியையும் அவர்கள் விட்டுச்செல்லவில்லை.

சில மாதங்களிலேயே, 1993 மார்ச்சில், பங்கிள் என்ற பாத்திரத்தை இயக்கியவர் ஒரு நிரலைப் பயன்படுத்தி மற்றவர்களின் பாத்திரங்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளாவதாகவும் அதைத் தாங்களே செய்துகொள்வதாகவும் எல்லாரும் பார்க்கும் கூடத்தில் வாசகங்களை ஓடவிட்டார். பாதிக்கப்பட்டவர்கள் அவரை நீக்கக் கோரினர். நீக்க எந்த விதியும் இல்லை. நீக்கக் கூடாது என்றும் இல்லை. பயனர்கள் கூடிப் பேசியும் முடிவு எட்டவில்லை. கடைசியில் மந்திரவாதிகளுள் ஒருவர் தம் சொந்தப் பொறுப்பில் அந்தக் கணக்கை அழித்தார். செயல் சரியானதே. என்றாலும் அது நடந்த விதம் யாருக்கும் நிறைவு தரவில்லை. அப்போது வெளியூர் சென்றிருந்து திரும்பிய கர்டிஸ், பயனர்கள் மனு கொடுத்து வாக்கெடுப்பின் மூலம் விதி செய்யும் முறையை ஏற்படுத்தினார். இந்நிகழ்வைப் பற்றி ஜூலியன் டிபெல் அதே ஆண்டு டிசம்பரில் வில்லேஜ் வாய்ஸ் இதழில் எழுதிய கட்டுரை சட்டக் கல்லூரிகளிலும் படிக்கப்பட்டது. வாக்கெடுப்பு முறையும் நெடுங்காலம் நிற்கவில்லை. 1996இல் மந்திரவாதிகள் மீண்டும் சமூக முடிவுகளை எடுக்கத் தொடங்கினர்.

சட்டம்

விதி வைத்திருந்ததற்காகவே தண்டிக்கப்பட்ட விந்தையான காலமும் ஒன்று உண்டு. 1991இல் காம்பியூசர்வ் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், தன் தளத்தில் வருவதைச் சரிபார்க்காத நிறுவனம் நூல் விற்பவரைப் போன்றது, அவதூறுக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பானது. 1995இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, உள்ளடக்க நெறிகளை வகுத்து, கெட்ட சொற்களை வடிகட்டிவந்த பிராடிஜி நிறுவனத்தைப் பதிப்பாளராகவே கருதிப் பொறுப்பாக்கியது. குப்பையை அகற்றுகிறவரே குப்பைக்குப் பொறுப்பு என்ற நிலை. மறு ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய, ‘230ஆம் பிரிவு’ என்று அறியப்படும் சட்டப் பிரிவு இதை மாற்றி, நல்லெண்ணத்தோடு மட்டுறுத்துவோருக்குப் பாதுகாப்பு அளித்தது.

இந்தியாவில் தெளிவின்மையின் தீங்கு அரசின் சட்டத்திலேயே வெளிப்பட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008இல் சேர்க்கப்பட்ட 66ஏ பிரிவு, மிகவும் புண்படுத்தும் செய்தி, எரிச்சலோ அசௌகரியமோ ஊட்டும் செய்தி ஆகியவற்றுக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது. எரிச்சல் யாருக்கு, எவ்வளவு என்று சொல்லவில்லை. 2012இல் புதுச்சேரியில் ஒரு தொழிலதிபர் ஒரு ட்வீட்டுக்காகவும், மகாராட்டிரத்தில் இரு இளம்பெண்கள் ஒரு முகநூல் பதிவுக்காகவும் கைதாயினர். ஸ்ரேயா சிங்கல் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் இப்பிரிவைச் செல்லாதென அறிவித்தது. சொற்களுக்கு வரையறை இல்லாததும் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

விக்கிப்பீடியா

2001 சனவரியில் தொடங்கிய விக்கிப்பீடியாவின் முதல் விதிகளுள் ஒன்று, விதிகள் தடையாக இருந்தால் அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம் என்பது. திட்டம் வளர வளர அது போதவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பதும், அழித்ததை முதலாமவர் மீட்பதுமாகத் தொகுத்தல் போர்கள் நடந்தன. 2004 இறுதியில் மூன்று முறை விதி வந்தது: ஒரு பக்கத்தில் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் தொகுப்பை நீக்கி முந்தைய நிலைக்கு மாற்றினால் தடை. யார் பக்கம் உண்மை என்று இதுவும் கேட்பதில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறது. அமெரிக்க இதழாளர் ஜான் சீகந்தாலரை கென்னடி கொலையோடு தொடர்புபடுத்திய பொய் 2005இல் நான்கு மாதத்துக்கு மேல் நீக்கப்படாமல் கிடந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பின் உயிரோடிருப்பவர் வரலாறு பற்றிய தனிக்கொள்கை உருவானது.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா நடுநிலை நோக்கு, மெய்யறிதன்மை முதலிய கொள்கைகளை ஏற்றுக்கொண்டது. இலங்கை, தமிழ்நாடு, புலம்பெயர் நாடுகள் ஆகியவற்றிலிருந்து எழுதுவோர் ஒன்றுகூடும் இடம் என்பதால், பல கேள்விகள் இங்கே எழுந்தன. கிரந்த எழுத்துகளை எங்கே பயன்படுத்துவது, ஊர்ப் பெயரையும் கலைச்சொல்லையும் எந்நாட்டு வழக்கில் எழுதுவது என்ற உரையாடல்கள் பேச்சுப் பக்கங்களிலும் ஆலமரத்தடி என்னும் பொது உரையாடல் பக்கத்திலும் நெடிது நடந்தன. எழுதிவைத்த இணக்கம் இருந்த இடங்களில் அவை அடங்கின.

தெளிவும் அதன் பயனும்

விதி நுணுக்கமானால் அதன் ஓரத்தில் நின்று ஏய்ப்பவர்கள் பெருகுவார்கள் என்றொரு மறுப்பு உண்டு. ஏய்ப்பவர் எங்கும் இருப்பர். மங்கலான விதியில் அவர்களோடு மட்டுறுத்துநரின் வேண்டுதல் வேண்டாமையும் சேர்ந்துகொள்கிறது. ஆய்வாளர் நேத்தன் மாத்தியாஸ் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதில் குறிப்பிடத்தக்கது. ரெடிட் தளத்தின் அறிவியல் குழுமத்தில் 2,190 உரையாடல்களை எடுத்துக்கொண்டு, சிலவற்றின் மேற்பகுதியில் மட்டும் விதிகளைப் பார்வையில் படும்படி ஒட்டிவைத்தார். அங்கே புதியவர்கள் விதிக்கு உட்பட்டு எழுதுவது 8 விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் உயர்ந்தது. புதியவர்களின் பங்கேற்பும் சராசரியாக 70 விழுக்காடு கூடியது. விதி ஆளை விரட்டும் என்ற அச்சத்துக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

தெளிவு மட்டும் இருந்து விலக்கு எழுதப்படாவிட்டாலும் பிழை நேரும். வியட்நாம் போரில் தீக்காயத்தோடு ஆடையின்றி ஓடிவரும் சிறுமியின் புகழ்பெற்ற ஒளிப்படத்தை 2016இல் முகநூல் நீக்கியது. நார்வே நாளிதழ் ஒன்றின் எதிர்ப்புக்குப் பின் மீட்டது. 2018 ஏப்ரலில்தான் அந்நிறுவனம் தன் மட்டுறுத்துநர்களுக்கான உள்விதிகளை வெளியிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் இலங்கையின் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்கள்மீது நடந்த வன்முறைக்கு முகநூல் பதிவுகள் தூண்டுதலாயின. சிங்களம் அறிந்த மட்டுறுத்துநர் போதாமை கடும் கண்டனத்துக்கு உள்ளானது; 2020இல் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. படிப்பவர் மொழியில் நடைமுறைப்படுத்த ஆளில்லாத விதி எவ்வளவு தெளிவாக இருந்தும் பயனில்லை. 2021 மே மாதம் முகநூலின் மேற்பார்வை வாரியம், டொனால்டு டிரம்ப்பின் கணக்கை முடக்கியதை ஏற்றபோதும், காலவரையறை சொல்லாத முடக்கம் எந்த விதியிலும் இல்லாத தண்டனை என்று கண்டித்தது.

இன்று பெரும்பாலான தளங்களில் முதல் வடிகட்டலை இயந்திரங்களே செய்கின்றன. இந்தியாவில் 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளும் இலங்கையில் 2024ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. முகநூலின் தாய் நிறுவனமான மெட்டா 2025 சனவரியில் தன் வெறுப்புப் பேச்சு விதிகளைத் தளர்த்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணியச் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. விதிகள் எளிய, தெளிவான மொழியில் இருக்க வேண்டும் என்றும், பதிவை நீக்கினால் எழுதியவருக்குக் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும் என்றும் அது கட்டாயமாக்கியுள்ளது.