கரியர் இல்லாத சைக்கிள்

சென்ற ஆண்டு கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் அக்காவின் மகன், விமானத்தில் ஒரு பெரிய பெட்டியையும் கொண்டுவந்திருந்தான். கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்து அதைப் பிரித்தான். அரை மணித்தியாலத்தில் கன்னங்கரேலென்ற ஒரு சைக்கிள் எழுந்து நின்றது. ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். ஏழு கிலோவுக்குச் சற்று அதிகம் என்றான். எங்கள் வீட்டுப் பூனையை இரண்டு மடங்காக்கினால் அந்தக் கனம் வரும்.

அலுமினியச் சைக்கிள் ஒன்றை ஆறு வருடங்கள் ஓடிவிட்டு இந்தக் காபன் சைக்கிளுக்கு மாறியிருக்கிறான். மாறியவர்களுக்கே உரிய உற்சாகத்தோடு விளக்கினான். "பழைய சைக்கிளில நான் உழக்கிற வலுவில கொஞ்சம் எங்கேயோ வீணாப் போற மாதிரி இருக்கும் மாமா. இதில காலை அமத்தின உடனே பாயுது. றோட்டு அதிர்வும் கைக்கு வாறதில்ல." கியர் மாற்றுவதற்குக் கம்பி கிடையாது, மின்கலத்தில் இயங்குகிறது. மறுநாள் விடியற்காலையில் கல்முனை வரை போய், நாங்கள் இடியப்பத்துக்கு உட்காருமுன் திரும்பி வந்துவிட்டான்.

புதினம் பார்க்க வந்தவர்களில் சந்தியில் சைக்கிள் திருத்தும் பெரியவரும் ஒருவர். எழுபதைக் கடந்தவர். வண்டியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். விரலால் சட்டத்தைத் தட்டி ஓசை கேட்டார். பிறகு கேட்டார்:

"இதில கரியர் எங்க மகன்?"

"கரியர் பூட்ட இடமில்ல ஐயா."

"அப்ப இது ஆள் மட்டும் போற சைக்கிள்" என்று சிரித்துவிட்டு, அடுத்த கேள்வியைக் கேட்டார். "பழைய சைக்கிள் என்னவாச்சு?"

இணையத்தில் விளம்பரம் போட்டு விற்றானாம். வாங்கியவர் அதில் போகும் படத்தைக்கூட அனுப்பியிருக்கிறார். பெரியவர் தலையாட்டிக்கொண்டார். அந்த இரண்டாவது கேள்வி அன்று முழுவதும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. எங்கள் வாவிக்கரையில் சைக்கிள் மாற்றிய கதைகளைச் செய்தியாளனாக நான் நிறையக் கேட்டிருக்கிறேன். புதியது எப்படி வந்தது, எப்படி ஓடியது என்பதைச் சொல்வார்கள். பழையது என்னவாயிற்று என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடும்.

மட்டக்களப்பு வாவியை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கும் நீர்ப்பரப்பு இது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழுவதையும் படுவதையும் வைத்துக் கரைகளுக்குப் பெயரிட்டவர்கள் எங்கள் முன்னோர். கல்லடிப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. அக்காலத்து ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரால் லேடி மானிங் பாலம் எனப்பட்டது. மற்ற இடங்களில் பெரும்பாலும் 'பாதை'தான். எங்கள் ஊரில் பாதை என்றால் வீதியல்ல. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றித் துறை கடத்தும் மிதவை. மண்முனைத் துறையிலும், அம்பிளாந்துறையிலும், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் பாதைக்காகக் காத்து நின்ற தலைமுறைகள் உண்டு. மாட்டுவண்டிக்கும் காற்சட்டைப் பையன்களுக்கும் நடுவே, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களின் வரிசைதான் எப்போதும் நீளம்.

இன்றைய வடிவச் சைக்கிளுக்கு அடியெடுத்துக் கொடுத்தது 1885இல் ஸ்டார்லி இங்கிலாந்தில் செய்த 'ரோவர்' வண்டி. 1888இல் பெல்பாஸ்டில் டன்லப் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். அந்த ரயருக்கு வேண்டிய றப்பரில் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு. பிரேசிலிலிருந்து வந்த விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்து, 1876இல் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. றப்பர் இங்கிருந்து போனது. சைக்கிள் அங்கிருந்து வந்தது. குடியேற்ற வணிகத்தின் கணக்கு அது.

நொட்டிங்காமிலிருந்து வந்த றலியும் ஹம்பரும்தான் என் தந்தையின் தலைமுறைக்கு 'நல்ல சைக்கிள்'. ஹம்பரை 1932இலேயே றலி நிறுவனம் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது. ஆனாலும் ஹம்பர்க்காரர்கள் தங்களை வேறு சாதியாகவே எண்ணிக்கொண்டார்கள். முன்சில்லைத் தாங்கும் கவட்டில் ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாய்; செயின் ஓடும் பற்சில்லில் ஓடுகின்ற மனிதர்களின் உருவங்கள். தொலைவில் வரும்போதே ஆளை அடையாளம் காட்டிவிடும் வண்டி.

என் தந்தை படுவான்கரையில் ஆசிரியராக இருந்தவர். கையில் ஓடிய ஒரு பழைய ஹேர்க்குலிஸை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர், அறுபதுகளின் தொடக்கத்தில் ஹம்பர் வாங்கினார். அதைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்ட முதல் வாக்கியம், "சத்தமே இல்லை" என்பது. ஹேர்க்குலிஸ் வருவது அடுத்த வளவுக்குக் கேட்குமாம். ஹம்பரில் வகுப்பறை வாசல்வரை போய் இறங்கினாலும் பிள்ளைகளுக்குத் தெரியாதாம். ஒரு குறையும் சொன்னார்: மணலில் கனம். மண்முனைத் துறையிலிருந்து உள்ளே போகும் மணல் ஒழுங்கையில் இறங்கித் தள்ள வேண்டும். ஏறத்தாழ இருபது கிலோ இரும்பு. அவர் அதற்காக வருந்தியதில்லை. கனமிருந்தால்தான் தாங்கும் என்பது அவருடைய, ஏன், அந்தக் காலத்தினர் அனைவருடைய நம்பிக்கை. பாரில் நான், கரியரில் அம்மா, ஹாண்டிலில் மண்டூர்க் கோயிலுக்குக் கொண்டுபோகும் பை. மூவரையும் பையையும் சுமந்துகொண்டு சத்தமில்லாமல் போனது அந்த வண்டி.

எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு. ரியூபில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. ரயர் கிழிந்த இடத்தில் உள்ளே இன்னொரு ரயர்த் துண்டு. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் எங்கள் வளவுத் தென்னைகள் வீழ்ந்தன. அவற்றில் ஒன்று ஹம்பரின் மேல். சட்டகம் வளைந்து வெடித்துவிட்டது. இனி உதவாது என்று எல்லோரும் சொன்னபோது, அதை நிமிர்த்திப் பித்தளை ஒட்டுப் போட்டுக் கொடுத்தவர் நான் மேலே சொன்ன பெரியவர்தான். அப்போது அவருக்கு இருபதுகளின் வயது. அந்த ஒட்டு மேலும் பன்னிரண்டு வருடங்கள் தாங்கியது.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது ஹம்பரை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். பின்விறாந்தையில், சங்கிலிக்கு எண்ணெய் பூசி, பூட்டிவிட்டுத்தான் போனார் அப்பா. மாதங்கள் கழித்துத் திரும்பியபோது வண்டி இல்லை. யார் கொண்டுபோனார்கள் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய காலமுமல்ல. பிறகு ஒரு புதிய சைக்கிள் வாங்கினோம். அது நல்ல வண்டிதான். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லி நான் கேட்டதில்லை.

1977க்குப் பிந்திய திறந்த பொருளாதாரத்தில் இந்திய, சீனச் சைக்கிள்கள் வந்திறங்கின; உள்ளூரில் லுமாலா பெருகியது. பழைய ஆங்கில வண்டிகளோடு ஒப்பிட்டு இவற்றைக் குறைசொல்லாதவர் இல்லை. குரோமியம் ஒரு மழைக்கே உரிகிறது என்பார்கள். ஆயினும் விலை எட்டக்கூடியதாக இருந்தது. மீன் விற்பவர்கள் இதில் தனி ரகம். அவர்கள் புதிய சைக்கிள் வாங்கினால் முதல் வேலை அதைக் கழற்றுவதுதான். பின்சில்லுக்குத் தடித்த கம்பி பூட்டி, கரியருக்கு இரும்புத் துண்டு ஒட்டி முட்டுக்கொடுத்து, மட்காட்டைத் தூக்கி எறிவார்கள். உப்பு நீர் சொட்டும் மீன்பெட்டியைச் சுமக்கும் வண்டியில் மட்காட் ஒரு வருடத்தில் கறள் பிடித்து உதிரும். பிறகு எதற்கு அது? தொழிற்சாலை செய்த வண்டியை எங்கள் ஊர் ஒருதரம் திருத்திச் செய்தது என்றே சொல்லலாம்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. நாவலடியிலும் கல்லடிக் கரையோரத்திலும் மனிதர் போன பிறகு சைக்கிளைப் பற்றி யார் பேசுவார்? பின்னர் தொண்டு நிறுவனங்கள் சைக்கிள் வழங்கின. அதற்கும் பிறகு 2007 மார்ச்சில் படுவான்கரையில் போர். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தனர். செய்தி சேகரிக்கத் துறையில் நின்ற எனக்கு இன்றும் நினைவிலிருப்பது, சைக்கிளைத் தோணியில் ஏற்ற முயன்றவர்களின் தடுமாற்றம். ஆளுக்கே இடமில்லாத தோணியில் இருபது கிலோ இரும்பை எப்படி ஏற்றுவது? சிலர் ஏற்றினர். பலர் கரையில் சாய்த்து வைத்துவிட்டு ஏறினர். சைக்கிளின் கனத்தைப் பற்றி எங்கள் மக்கள் உண்மையாகவே வருந்திய இடம் அந்தத் தோணித்துறைதான். ஏழு கிலோ வண்டியாக இருந்தால் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே வந்திருப்பார்கள் என்று, மருமகனின் சைக்கிளைத் தூக்கிய அன்று எனக்குத் தோன்றியது.

மீள்குடியேறிய பின் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு விவசாயியைச் சந்தித்தேன். நிவாரணமாகக் கிடைத்த புதிய சைக்கிளில் நெல்மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். வண்டி எப்படி என்றேன். "புதுசுதான் ஐயா. ஆனா மூட்டை வைச்சா முன்சில்லு எழும்புது. என்ர பழசு அப்பிடியில்ல" என்றார். பழசு எங்கே என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பெண்களிடம் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். போரிலே கணவனை இழந்து குடும்பப் பாரம் ஏற்ற பெண்கள் பலருக்கு, நிவாரணச் சைக்கிளே தங்கள் பெயரில் கிடைத்த முதல் வண்டி. அவர்களுக்கு ஒப்பிடப் பழசு கிடையாது. அதுவரை யாரோ ஒருவரின் பாரில் பக்கவாட்டாக உட்கார்ந்து சென்றவர்கள். "நினைச்ச நேரம் போகலாம்" என்று ஒரு தாய் சொன்னார். சைக்கிளைப் பற்றி நான் கேட்ட பாராட்டுகளில் அதற்கு மேலான ஒன்றில்லை. ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்ட பின், காத்திருக்கும் தேவையுமில்லாமல் அவர்கள் வாவியைக் கடந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டில்தான் கல்லடியிலும் பழைய இரும்புப் பாலத்தின் அருகே புதிய பாலம் வந்தது.

மருமகனின் வண்டிக்கு வருகிறேன். காபன் இழையை 1971இல் ஜப்பானின் டோரே நிறுவனம் வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. 1986இல் அமெரிக்கரான கிரெக் லெமொண்ட் காபன் சட்டகச் சைக்கிளில் பிரான்ஸ் சுற்றுப்போட்டியை வென்றார். எடை குறைந்துகொண்டே போனதால், 2000இல் சர்வதேசச் சைக்கிள் சம்மேளனம் போட்டி வண்டி 6.8 கிலோவுக்குக் கீழே போகக்கூடாதென்று விதித்தது. பிசின் ஊறிய இழைத்தாள்களை அச்சுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கையால் அடுக்கி, வெப்பத்தில் இறுக்குகிறார்கள். எந்த இடத்தில் விறைப்பு வேண்டும், எங்கே சற்று வளைய வேண்டும் என்பதைத் தாள் அடுக்கும் திசையிலேயே தீர்மானிக்கலாம். உழக்கும்போது பாய்வதும் அதிர்வு கைக்கு வராததும் இதனால்தான். (அதிர்வுக்கு ரயருக்கும் பங்குண்டு என்பதை அவனே ஒப்புக்கொண்டான், பழைய சைக்கிளைவிட இதில் ரயர் அகலம்.) பத்தாயிரம் அமெரிக்க டொலரைத் தாண்டும் வண்டிகளும் இந்த இனத்தில் உண்டு. இவன் தன் வண்டியின் விலையை எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை.

காபன் கறள் பிடிக்காது. எங்கள் கடற்காற்றில் அது பெரிய வரம். உடைந்தால் என்ன செய்வது என்று பெரியவர் கேட்டார். அதற்கென்றே திருத்துபவர்கள் கனடாவில் இருக்கிறார்களாம். ஆனால் உள்ளே விரிசல் விட்டால் வெளியே தெரியாமலும் இருக்கலாமாம். பித்தளை ஒட்டுக்கு வேலையில்லை. பெரியவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை என்பது முகத்திலே தெரிந்தது. 2022 எரிபொருள் நெருக்கடியில் ஊரே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய சைக்கிள்களை அவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியது. இரவு பத்து மணிவரை அவருடைய கடையில் விளக்கெரிந்த நாட்கள் அவை. இருபது வருடம் கிடந்த லுமாலாக்களும் ஹீரோக்களும் மீண்டும் ஓடின. உடைந்ததை ஓடவைப்பவருக்கு, ஓடவைக்க முடியாத பொருள் மேல் மதிப்பு வருமா?

புறப்படுவதற்கு முன் மருமகன் படுவான்கரையிலிருந்து தயிர் வாங்கிவரப் போனான். காபன் சைக்கிளில் சட்டி வைக்க வழியில்லாததால் என் லுமாலாவில்தான் போனான். இரண்டு சட்டிகளைக் கரியரில் கட்டிக்கொண்டு மண்முனைப் பாலத்தால் திரும்பி வந்து, "சரியான கனம் மாமா. ஆனா ஆடேல்ல" என்றான். தயிரும் சிந்தவில்லை. அன்றிரவு தாத்தாவின் ஹம்பர் எங்கே என்று கேட்டான். பின்விறாந்தையில் அது நின்ற இடத்தைக் காட்டினேன். அங்கேதான் அவனுடைய சைக்கிளும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

அவன் இல்லாத நேரம் பெரியவர் வந்து, கடற்காற்றில் கறள் படரத் தொடங்கியிருந்த அதன் செயினுக்குத் தேங்காய் எண்ணெய் பூசிவிட்டுப் போயிருக்கிறார். கனடா போய்ச் சேர்ந்ததும் எழுதியிருந்தான்: அதைக் கழுவி எடுக்க இரண்டு நாள் ஆயிற்றாம்.