அறுபத்தைந்தாம் வயதின் வாசல்: மெடிகேர் காப்பீட்டில் ஆலோசனையின் இடம்

அமெரிக்க ஒன்றிய அரசு முதியோருக்கு வழங்கும் மருத்துவக் காப்பீடான மெடிகேரைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் அதன் செலவைச் சுற்றியே நடக்கிறது. கருவூலம் அதைத் தாங்குமா, மருத்துவமனைகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம், மருந்து விலையை எப்படிக் குறைக்கலாம் என்னும் கேள்விகள் இன்றியமையாதவையே. ஆயினும் அறுபத்தைந்து வயதை எட்டும் ஒருவருக்கு அந்தக் காப்பீடு எவ்வளவு பயன்படும் என்பதைச் சட்டத்துக்கு நிகராகத் தீர்மானிப்பது வேறொன்று: எந்த மாதத்தில் எந்தப் பிரிவில் சேர வேண்டும், எதைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது என்பதை அவருக்கு யார், எப்போது எடுத்துச் சொன்னார்கள் என்பதே அது. பிழையைத் திருத்திக்கொள்ள இடம் தராத வகையில் கட்டப்பட்ட ஒரு காப்பீட்டில் நடுநிலையான ஆலோசனையையும் அக்காப்பீட்டின் ஓர் உறுப்பாகவே கருத வேண்டும் என்றும், மருத்துவமனைக் கட்டணத்துக்குப் பொறுப்பேற்கும் அரசு அதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

மெடிகேர் பிறந்தபோது இத்தகைய ஆலோசனைக்குப் பெரிய தேவை இருக்கவில்லை. 1965 ஜூலை 30 அன்று மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டு, முன்னாள் தலைவர் ஹாரி ட்ரூமனை முதல் பயனாளியாகச் சேர்த்த அச்சட்டத்தில் இரண்டே பிரிவுகள் இருந்தன. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கானது ஏ பிரிவு; மருத்துவர் கட்டணத்துக்கும் வெளிநோயாளர் சிகிச்சைக்குமானது பி பிரிவு. ஏ பிரிவுக்கு உழைப்புக் காலத்தில் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்ட வரியே போதுமானது. பி பிரிவுக்கு மாதந்தோறும் பிரீமியம் கட்ட வேண்டும். 1966-இல் அது 3 டாலர். 1997-இல் இயற்றப்பட்ட சட்டம் தனியார் திட்டங்களை சி பிரிவாக வகைப்படுத்தியது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மெடிகேர் அட்வாண்டேஜ் என்று பெயரிட்டதோடு, தனியார் நிறுவனங்கள் வழியாகவே மருந்துக் காப்பீட்டை வழங்கும் டி பிரிவையும் 2006 முதல் சேர்த்தது. இன்று மெடிகேர் பயனாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் அட்வாண்டேஜ் திட்டங்களில் இருக்கின்றனர். ஒரே அரசுக் காப்பீடு பல நிறுவனங்களின் பல நூறு திட்டங்களாகப் பிரிந்ததால், முன்பு சட்டமே செய்துவைத்த முடிவை இப்போது முதியவர் தாமே செய்ய வேண்டியிருக்கிறது.

அம்முடிவுகளில் முதலாவது சேரும் காலத்தைப் பற்றியது. அறுபத்தைந்தாம் பிறந்த நாள் வரும் மாதம், அதற்கு முந்திய மூன்று மாதங்கள், பிந்திய மூன்று மாதங்கள் என ஏழு மாதங்கள் தொடக்கச் சேர்க்கைக் காலம் எனப்படும். சோஷியல் செக்யூரிட்டி எனப்படும் அரசு ஓய்வூதியத்தை அறுபத்தைந்துக்கு முன்பே பெறத் தொடங்கியவர் ஏ, பி ஆகிய இரு பிரிவுகளிலும் தாமாகவே சேர்க்கப்பட்டுவிடுகிறார். மற்றவர் விண்ணப்பிக்க வேண்டும். இந்த வேறுபாடு ஒரு காலத்தில் சிறியதாக இருந்தது, ஏனெனில் முழு ஓய்வூதிய வயதும் மெடிகேர் வயதும் அறுபத்தைந்தாகவே இருந்தன. 1983-ஆம் ஆண்டுத் திருத்தம் ஓய்வூதிய வயதைப் படிப்படியாக உயர்த்தி, 1960-இலும் அதற்குப் பின்னும் பிறந்தோருக்கு அறுபத்தேழாக ஆக்கிவிட்டு, மெடிகேர் வயதை இருந்த இடத்திலேயே விட்டது. அறுபத்தேழு வரை உழைத்து முழு ஓய்வூதியம் பெற வேண்டும் என்று ஒரு சட்டம் ஊக்குவிக்க, அறுபத்தைந்திலேயே வந்து பதிவு செய்யுமாறு இன்னொரு சட்டம் எதிர்பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இரண்டு ஆண்டுகளில்தான் மிகுதியான தவறுகள் நேர வாய்ப்பிருக்கிறது.

வேலையில் தொடர்பவருக்கு இருபதுக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட நிறுவனத்தின் குழுக் காப்பீடு இருந்தால், பி பிரிவைத் தள்ளிப்போடுவதால் இழப்பில்லை. வேலையோ காப்பீடோ முடிந்தபின் எட்டு மாதங்களுக்குச் சிறப்புச் சேர்க்கைக் காலம் கிடைக்கும். ஆனால் இந்த விதியின் உயிர்நாடி ‘நடப்பு வேலை’ என்ற சொற்களில் இருக்கிறது. வேலையை விட்டவர் முழுப் பிரீமியத்தையும் தாமே கட்டி, பழைய நிறுவனக் காப்பீட்டைப் பொதுவாக 18 மாதங்கள் நீட்டித்துக்கொள்ளக் கோப்ரா என்னும் சட்டம் இடமளிக்கிறது. அதே அட்டை, அதே மருத்துவர், அதே நிறுவனம் என்று எல்லாம் மாறாமல் இருப்பதால் தமக்குக் காப்பீடு தொடர்கிறது என்று ஓய்வு பெற்றவர் நம்புவது இயல்பே; ஆயினும் கோப்ரா நடப்பு வேலையால் வரும் காப்பீடாகக் கொள்ளப்படாததால் எட்டு மாதக் கெடு அவர் அறியாமலே ஓடி முடிந்துவிடுகிறது. அதன்பின் அவர் ஜனவரி முதல் மார்ச் வரையிலான பொதுச் சேர்க்கைக் காலத்துக்குக் காத்திருக்க வேண்டும். இதனினும் கடுமையானது, மெடிகேர் முதலில் செலுத்தியிருக்க வேண்டிய பங்கைத் தான் தர முடியாது என்று கோப்ரா காப்பீடு மறுக்கக்கூடும் என்பது. பிரீமியத்தைத் தவறாமல் கட்டிவந்தும் பெரும்பகுதிச் செலவுக்குக் காப்பு இல்லாத நிலை அப்போது உருவாகிறது.

தாமதத்துக்கான தண்டத்தொகை இழப்பை நிலையானதாக்குகிறது. பி பிரிவில் தாமதமான ஒவ்வொரு முழுப் பன்னிரண்டு மாதத்துக்கும் பிரீமியத்தில் பத்து விழுக்காடு கூடும். அந்தக் கூடுதல் அப்பிரிவில் இருக்கும் காலமெல்லாம் தொடரும். 2025-இல் பி பிரிவின் பொது மாதப் பிரீமியம் 185 டாலர் என்பதால், மூன்றாண்டு தாமதித்தவர் அவ்வாண்டில் மாதம் 55.50 டாலர் மிகுதியாகக் கட்டினார். பிரீமியம் ஏறும்போதெல்லாம் தண்டமும் சேர்ந்தே ஏறும். டி பிரிவிலும் ஏற்கத்தக்க மருந்துக் காப்பீடின்றி இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் தேசிய அடிப்படைப் பிரீமியத்தில் ஒரு விழுக்காடு என இதே போன்ற விதி உண்டு.

இவற்றையெல்லாம் விட ஆழமான பிழைக்கு இடம்கொடுப்பது மெடிகேப் என்னும் துணைக் காப்பீடு. அரசு நேரடியாக நடத்தும் மரபான மெடிகேரில், ஆண்டுக்கான முன்கழிவுத் தொகையை, அதாவது காப்பீடு தொடங்குமுன் நோயாளி தாமே செலுத்த வேண்டிய தொகையை, கட்டிய பின்னும் பி பிரிவுச் செலவில் இருபது விழுக்காடு நோயாளியையே சாரும். அதற்கு உச்சவரம்பு கிடையாது. புற்றுநோய்ச் சிகிச்சை போன்ற நீண்ட செலவில் அந்த இருபது விழுக்காடு ஒரு வாழ்நாள் சேமிப்பைக் கரைக்கப் போதுமானது. அந்த இடைவெளியை நிரப்பத் தனியார் நிறுவனங்கள் விற்பதே மெடிகேப். அறுபத்தைந்து வயதும் பி பிரிவும் சேர்ந்து அமைந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு மட்டும் எந்த நிறுவனமும் உடல்நிலையைக் காரணம் காட்டி விண்ணப்பத்தை மறுக்கவோ விலையைக் கூட்டவோ கூடாது என்று ஒன்றியச் சட்டம் விதிக்கிறது. அதன்பின், நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மேய்ன் ஆகிய நான்கு மாநிலங்களைத் தவிர்த்த பிற இடங்களில், சில விதிவிலக்கான சூழல்கள் நீங்கலாக, நிறுவனம் உடல்நிலை வினாக்களைக் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம்.

இதோடு அட்வாண்டேஜ் திட்டங்களின் இயல்பை இணைத்துப் பார்க்கும்போதுதான் அறுபத்தைந்தாம் வயதில் எடுக்கும் முடிவின் எடை விளங்கும். பி பிரிவுக்குக் கட்டுவதற்கு மேல் பிரீமியமே இல்லாத அட்வாண்டேஜ் திட்டங்கள் பல உண்டு. மரபான மெடிகேர் தராத பல் சிகிச்சை, மூக்குக் கண்ணாடி, செவிக்கருவி ஆகியவற்றுக்கும் அவை ஓரளவு தருகின்றன. நோயாளியின் ஆண்டுச் செலவுக்கு உச்சவரம்பும் வைக்கின்றன. மாறாக, தம் வலையமைப்பில் உள்ள மருத்துவர்களிடமே செல்லுமாறு பெரும்பாலும் கட்டுப்படுத்துகின்றன. பல சிகிச்சைகளுக்கு முன்னனுமதி கேட்கின்றன. நல்ல உடல்நிலையில் இருக்கும் அறுபத்தைந்து வயதினருக்கு முதலில் கூறியவை கண்ணில் படும். பின்னவற்றின் பொருள் எழுபத்தைந்தில், நோய் வந்தபின்தான் தெரியும். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை ஒவ்வோர் ஆண்டும் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று அறிவிக்கப்படுவது உண்மையே. ஆனால் அட்வாண்டேஜை விட்டு மரபான மெடிகேருக்குத் திரும்பும் நோயாளிக்கு மெடிகேப் கிடைக்காவிட்டால், அவர் உச்சவரம்பற்ற இருபது விழுக்காட்டை நோக்கியே திரும்புகிறார். ஆண்டுதோறும் திறக்கும் வாசல் ஒன்று. வாழ்வில் ஒருமுறை மட்டும் முழுதாகத் திறக்கும் வாசல் மற்றொன்று. இரண்டும் ஒன்றே என்று எண்ணுவோரைப் பொறுப்பற்றவர் என்று சொல்வது நியாயமாகாது.

செலவைக் குறைக்கும் வழிகளும் இதே நிலையில்தான் உள்ளன. வருமானம் மிகுந்தோர் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும் என்னும் விதி இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய வருமானத்தைக் கணக்கில் கொள்கிறது. ஆகவே இன்று ஓய்வு பெற்றவர் முழுச் சம்பளம் வாங்கிய ஆண்டின் பேரில் கட்ட நேர்கிறது. வேலை நின்றதைக் காரணம் காட்டி ஒரு படிவத்தின் வழியே மறுகணக்குக் கேட்கலாம், ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். வருமானம் குறைந்தோரின் பி பிரிவுப் பிரீமியத்தை மாநில அரசே கட்டும் மெடிகேர் சேமிப்புத் திட்டங்களும், மருந்துச் செலவைத் தணிக்கும் எக்ஸ்ட்ரா ஹெல்ப் என்னும் உதவியும் உண்டு. பெரும்பாலும் இவையும் விண்ணப்பித்தால் மட்டுமே வரும். 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக 2025-இல் டி பிரிவு மருந்துகளுக்கு நோயாளியின் ஆண்டுச் செலவு 2,000 டாலருக்கு மேல் போகாது என்று ஆனது. தகுதியுள்ள அனைவருக்கும் தானாகவே வந்து சேர்ந்த பாதுகாப்பு என்பதால்தான் இதைத் தனித்துக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

மருத்துவச் சேவையை வாங்குபவரும் விற்பவரும் சமமான அறிவுடன் சந்திப்பதில்லை என்பதைப் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை விளக்கியது. மெடிகேரில் அந்த ஏற்றத்தாழ்வு நோயறிவோடு நிற்காமல் விதியறிவிலும் தொடர்கிறது. இதை நாடாளுமன்றம் உணராமலில்லை. மெடிகேப் திட்டங்களை ஒரே தரத்துக்குக் கொண்டுவந்த அதே 1990-ஆம் ஆண்டுச் சட்டம்தான், ஷிப் எனச் சுருங்க வழங்கும் மாநில மருத்துவக் காப்பீட்டு உதவித் திட்டத்தையும் உருவாக்கியது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைப் பெரிதும் நம்பி இயங்கும் அத்திட்டத்தின் ஆலோசகர்கள் எதையும் விற்பதில்லை, கட்டணமும் வாங்குவதில்லை. மறுபுறம், அட்வாண்டேஜ் திட்டத்தில் ஒருவரை முதன்முறை சேர்க்கும் முகவருக்கு 2025-இல் பெரும்பாலான மாநிலங்களில் 626 டாலர் வரையும், தனித்த டி பிரிவுத் திட்டத்தில் சேர்ப்பவருக்கு 109 டாலர் வரையும் தரகு தரலாம் என்று விதி அனுமதித்தது. முகவர்களில் அறிவும் மனச்சாட்சியும் உள்ளோர் நிறையவே உண்டு. குறை கூறப்படுவது அவர்களை அல்ல. மரபான மெடிகேரைத் தனியார் டி பிரிவுத் திட்டத்தோடு தேர்ந்துகொள்ளுமாறு சொல்பவருக்கு ஆறில் ஒரு பங்கு ஊதியம் என்று அமைந்த ஏற்பாட்டில் ஆலோசனை எந்தப் பக்கம் சாயும் என்பதே கேள்வி. மெடிகேப் விற்பனைக்குத் தனித் தரகு உண்டு என்பது இச்சாய்வைச் சற்றுக் குறைக்கலாம், நீக்காது.

ஆலோசனைக்கும் அரசே பொறுப்பேற்க வேண்டும் என்பதற்கு எதிராக இரண்டு வாதங்கள் முன்வைக்கப்படலாம். நலமாக இருக்கும்வரை வெளியே இருந்துவிட்டு நோய் வந்தபின் உள்ளே வருவோரைத் தடுக்காவிட்டால் எந்தக் காப்பீடும் நிலைக்காது என்பது முதலாவது. இது சரியான வாதம். வேண்டுமென்றே காத்திருந்தவருக்குத் தண்டம் பொருந்தும். ஆனால் அறியாமல் கோப்ராவை நம்பியவர் பிரீமியம் கட்டாமல் தப்பித்தவர் அல்லர், முழுப் பிரீமியத்தையும் தாமே கட்டியவர். தேர்வுச் சுதந்திரத்தை மதிப்போர் அதன் விளைவையும் ஏற்க வேண்டும் என்பது இரண்டாவது. சட்டமே இதற்கு விடை சொல்லியிருக்கிறது. அரசு ஊழியர் தந்த தவறான தகவலால் சேரத் தவறியவருக்கு நிவாரணம் உண்டு என்பது பழைய விதி. பணிவழங்குநரோ காப்பீட்டுத் திட்டமோ தந்த தவறான தகவலுக்கும் 2023 முதல் சிறப்புச் சேர்க்கை வாய்ப்புத் தரப்படுகிறது. தவறான ஆலோசனை ஒருவரின் உரிமையைப் பறித்தது என்று ஏற்கும் சட்டம், எந்த ஆலோசனையுமே கிடைக்காமையும் அதையே செய்யும் என்பதை மட்டும் ஏன் ஏற்கவில்லை என்பதற்கு நியாயமான விளக்கம் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிள்ளைகளோடு வாழச் சென்ற பெற்றோரிடம் இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பிள்ளைகள் இருபதாண்டு கட்டிய வரி பெற்றோருக்கு ஏ பிரிவு உரிமையைத் தராது. நாற்பது காலாண்டு உழைப்பு தம்முடையதாகவோ வாழ்க்கைத்துணையுடையதாகவோ இருக்க வேண்டும், பிறந்த நாட்டில் உழைத்த காலம் கணக்கில் வராது. கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வாழ்வுரிமை பெற்று, தொடர்ந்து ஐந்தாண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்த அறுபத்தைந்து வயதினர் பி பிரிவில் சேரலாம், ஏ பிரிவை விலைகொடுத்து வாங்கலாம். 2025-இல் உழைப்புக் காலாண்டே இல்லாதவருக்கு அதன் விலை மாதம் 518 டாலர். அறுபத்தைந்தைக் கடந்தபின் அந்த ஐந்தாண்டை நிறைவுசெய்வோருக்கான ஏழு மாதச் சேர்க்கைக் காலம் பிறந்த நாளையொட்டி அமையாமல், ஐந்தாண்டு நிறைவையொட்டி அமைகிறது. எதிர்த்திசையில், ஓய்வுக்குப் பின் சென்னைக்கோ கோவைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்புவோர் அங்கே பெறும் சிகிச்சைக்கு மெடிகேர் பொதுவாக எதுவும் தருவதில்லை. அதை எண்ணிப் பி பிரிவை விட்டுவிட்டால், பிற்காலத்தில் அமெரிக்கா திரும்பும்போது இடைப்பட்ட ஆண்டுகள் அத்தனைக்கும் தண்டம் சேர்ந்திருக்கும். இரண்டில் எது மேல் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும் கணக்கு. அந்தக் கணக்கை அவர்களின் மொழியில் எடுத்துச் சொல்லக்கூடியவர் இருந்தால்தான் அது அவர்களுடைய முடிவாகும்.

பொதுச் சேர்க்கைக் காலத்தில் பதிவு செய்தோர் ஜூலை வரை காப்பின்றிக் காத்திருக்கும் நிலையை 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் மாற்றியது. 2023 முதல் அவர்களுக்குப் பதிவுசெய்த அடுத்த மாதமே காப்பு தொடங்குகிறது. ஆனால் அதற்கு முன்பு முன்வைக்கப்பட்ட வரைவில் இருந்த ஒரு கூறு, அறுபத்தைந்தை நெருங்கும் ஒவ்வொருவருக்கும் அரசே முன்னறிவிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும் என்பது, அச்சட்டத்தில் இடம்பெறவில்லை. ஒருவரின் பிறந்த நாளும் உழைத்த காலாண்டுகளும் ஓய்வூதியம் தொடங்கியதா என்பதும் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகத்தின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைக் கொண்டு, அறுபத்து நான்கு நிறைந்த மாதத்தில், அவருடைய ஏழு மாதம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, கோப்ரா ஏன் போதாது, மெடிகேப்பின் ஆறு மாதம் எந்த நாளிலிருந்து ஓடும் என்பவற்றை எளிய மொழியில் எழுதி, அவர் வாழும் மாவட்டத்து ஷிப் ஆலோசகரின் தொலைபேசி எண்ணையும் சேர்த்து அனுப்புவதற்கு ஒரு தாளும் ஓர் அஞ்சல் தலையும் போதும். அந்த அழைப்பை எடுத்துப் பேச ஷிப்பில் போதிய ஆட்களை அமர்த்துவதற்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும்.