ஏரிக்கரையும் இயல்பொளியும்: ஓவியர் கொப்கே கண்ட கோப்பன்ஹேகன்

1838-ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்ஹேகனில் தீட்டப்பெற்ற ஓர் ஏரிக்கரை ஓவியத்தை இவ்வுரைக்கு எடுத்துக்கொண்டுள்ளோம். பலகைகளால் அமைந்த ஒரு சிறு படகுத்துறை. அதன்மேல் நமக்கு முதுகு காட்டி நிற்கும் இரு பெண்கள். நீரில் ஒரு படகு. துறையருகே நெடிய கம்பத்தில் டென்மார்க்கின் செந்நிறக் கொடி. தொலைவில் தாழ்ந்த மரங்கள். இவ்வளவே. போர் இல்லை, புராணம் இல்லை, புயல்கூட இல்லை. கிறிஸ்டன் கொப்கே (1810–1848) என்பார் தீட்டிய இவ்வோவியம் இன்று அந்நகரின் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. அதன்முன் நிற்பவர், ஓவியர் தம் கண்ணெதிரே இருந்ததை அப்படியே எழுதிவிட்டார் என்றே எண்ணுவர். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வோம்.

முதலில் அவ்வேரியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். சோர்ட்டடாம் ஏரி இயற்கையாய் அமைந்ததன்று. நகரின் நீர்த்தேவைக்காகவும் காவலுக்காகவும் ஓடைநீரைத் தேக்கி உருவாக்கிய ஏரிவரிசையில் அதுவும் ஒன்று. நம் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தை அறிந்தோர்க்கு இது புதுமையாய்த் தோன்றாது. ஓவியத்தின் பெயரில் வரும் ‘டோசரிங்கன்’ என்னும் சொல்லும் சரிவாகக் கட்டிய கரையையே குறிக்கிறது. கொப்கேயின் தந்தை நகரக் கோட்டைக்குள் ரொட்டி சுட்டு விற்றவர். 1830-களின் முற்பகுதியில் அக்குடும்பம் கோட்டையை விட்டு வெளியேறி ஏரியருகே குடிபுகுந்தது. ஆகவே, அக்கரை ஓவியர்க்குக் காட்சி தேடிச் சென்ற இடமன்று. நாள்தோறும் நடந்த வழி.

அவ்வழியைக் காணக் கற்றுக்கொடுத்தவர் எக்கர்ஸ்பெர்க் (1783–1853). பாரிசில் புகழ்பெற்ற டேவிட்டிடம் பயின்று, 1813 முதல் 1816 வரை உரோமில் தங்கி, அந்நகரின் இடிபாடுகளைத் திறந்த வெளியில் அமர்ந்தே எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர் அவர். 1818-இல் கோப்பன்ஹேகன் கலைக்கழகத்தின் பேராசிரியரானபின் தம் மாணாக்கரையும் வெளியே அழைத்துச் சென்றார். இன்று இது எளிதாய்த் தோன்றலாம். அக்காலத்திலோ வண்ணம் அடைத்து விற்கும் உலோகக் குழாய் இல்லை. அது 1841-இல்தான் வந்தது. அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி எடுத்துச் செல்லவேண்டும். குத்தித் திறந்தால் எஞ்சியது விரைவில் கெட்டியாகும். அத்துடன், ஒளி எவர்க்காகவும் நிற்பதில்லை. வாலென்சியன் என்னும் பிரெஞ்சு ஓவியர் 1800-ஐ ஒட்டி வெளியிட்ட நூலில், வெளியில் தீட்டும் பயிற்சிப்படத்திற்கு 2 மணி நேரத்திற்குமேல் செலவிடலாகாது என்றும், கதிரவன் எழும்போதும் மறையும்போதும் அரைமணியே எல்லை என்றும் வரையறுத்தார். நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என வகுத்த தொல்காப்பியத்தைப் பயின்ற நமக்கு இவ்வரையறை அயலாய்த் தோன்றவில்லை. வடபுலத்துக் கோடையில் மாலையொளி நெடுநேரம் நீடிக்கும். நம் நாட்டிலோ 7 மணியளவில் சட்டென இருள் கவிகிறது. மாணவரைப் படம் எழுத வெளியே அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதைக் கருத்தில் கொள்வார்களாக.

கொப்கே களத்தில் செய்தவை பென்சில் வரைவுகளும் சிறு எண்ணெய்ப் படங்களுமே. பெரிய ஓவியங்கள் அவற்றைக் கொண்டு அறைக்குள் நிறைவு பெற்றன. எதை விடுவது, எதை ஓரத்திற்குத் தள்ளுவது, வானத்திற்கு எவ்வளவு இடம் தருவது என்பனவெல்லாம் அங்கே முடிவாயின. தொலைவு செல்லச் செல்லப் பொருள் சிறுக்கும் கணக்கை எக்கர்ஸ்பெர்க் கண்டிப்புடன் கற்பித்தவர். 1841-இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். நாம் ‘இயல்பு’ என்று வியப்பது இவ்வாறு அளந்து, தேர்ந்து, திருத்திப் பெற்ற ஒன்று.

அத்தேர்வில்தான் கொப்கேயின் துணிவு விளங்குகிறது. கலைக்கழகங்கள் வரலாற்று ஓவியத்தை உச்சியிலும் நிலக்காட்சியைக் கீழ்ப்படியிலும் வைத்திருந்த காலம் அது. அவரோ 1831-இல் தந்தையின் ரொட்டிச்சாலையைச் சேர்ந்த தானியக் கிடங்கின் மாடியை எழுதினார். 1837-இல் கோட்டையின் வடக்குத் தூக்குப்பாலத்தை எழுதினார். அப்படம் இப்போது இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. பிரடெரிக்ஸ்போர்க் அரண்மனையை எழுதியபோதும், ஒரு படத்தில் அதன் கூரைமுகட்டையும் ஒரு சிறு கோபுரத்தையும் மட்டும் முன்னிறுத்தி, ஏரியையும் ஊரையும் கீழே ஒதுக்கி, மற்றதையெல்லாம் வானத்திற்கே விட்டார். அரசர் வாழிடம் அவர் தூரிகையில் செங்கல்லும் ஒளியுமாய் ஆயிற்று. அவருடைய படைப்புகளுள் இதையே நாம் தலையாயதாகக் கருதுகிறோம்.

ஏரிக்கரை ஓவியத்தின் கொடிக்கு வருவோம். டென்மார்க்கு 1807-இல் ஆங்கிலேயரின் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. 1813-இல் அரசு நொடித்தது. 1814-இல் நார்வேயை இழந்தது. சுருங்கிய நாட்டில் மக்கள் தம் அருகிலிருந்தவற்றை உற்றுநோக்கத் தொடங்கினர் என்று வரலாற்றாசிரியர் கூறுவது ஏற்கத்தக்கதே. 1834-இல் குடிமக்கள் தம் விருப்பப்படி தேசியக் கொடியை ஏற்றுவதற்கு அரசர் தடை விதித்தார். அத்தடை 1854-இல்தான் நீங்கியது. தடை நடப்பிலிருந்த காலத்தில், பெண்கள் படகுக்கு நிற்கும் ஒரு சிறு துறையில் அக்கொடியைக் கொப்கே உயர்த்திக் காட்டினார். ‘கண்டதை அப்படியே எழுதினார்’ என்னும் கூற்று இங்கே தடுமாறுகிறது. அதே கொடி அவ்வாண்டில் தமிழ்நாட்டுத் தரங்கம்பாடியிலும் பறந்துகொண்டிருந்தது. 1620 முதல் டேனியர் வசமிருந்த அவ்வூர் 1845-இல் ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டது.

ஏரிக்கரையை எழுதிய ஆண்டிலேயே கொப்கே இத்தாலிக்குப் புறப்பட்டார். நேப்பிள்சிலும் காப்ரித் தீவிலும் எழுதிய வரைவுகளுடன் 1840-இல் திரும்பி, அவற்றைப் பெரிய ஓவியங்களாக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தார். கலைக்கழக உறுப்பினராவதற்குக் காப்ரிக் காட்சியொன்றையே அளித்தார். 1846-இல் அது மறுக்கப்பட்டது. ஈராண்டில் நுரையீரல் அழற்சியால் மறைந்தபோது அவருக்கு வயது 37. தம் வீட்டருகே கண்ட ஒளியை நம்பியவர், பிறர் மதிக்கும் பொருளை நாடிச் சென்று தோற்றார் என்பதை எண்ணுகையில் வருத்தமே மேலிடுகிறது.

அவ்வோவியத்து வானம் அவ்வளவு அகன்றிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நகர மதிலுக்கு வெளியே நிலையான கட்டடங்கள் எழுப்புவதைப் படைத்துறை விதி கட்டுப்படுத்தி வந்தது. பீரங்கிக்கு முன்னுள்ள வெளி மறைவின்றி இருக்கவேண்டும் என்பதே நோக்கம். 1852-இல் அவ்வெல்லைக்கோடு ஏரிகள் வரை பின்வாங்கியது. அதன்பின் நோரபுரோப் பகுதி முழுவதும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருங்கி எழுந்தன. கொப்கே காட்டிய தாழ்ந்த மரவரிசை இன்று அங்கில்லை. ஏரி இருக்கிறது; அதன் கரையோரத் தெருவுக்குச் சோர்ட்டடாம் டோசரிங் என்பதே இன்றும் பெயர்.