சொல்லும் சுடுசொல்லும்

காக்களூர்த் தொழிற்பேட்டையில் ஒரே இயந்திரத்தின் இருபுறமும் நின்று உழைக்கும் இருவரில் ஒருவர் கத்தோலிக்கராகவும் மற்றவர் சீர்திருத்தச் சபையாராகவும் இருப்பது வியப்பன்று. பகலில் தோள்கொடுத்து உழைக்கும் இவர்களே, மாலையில் கைப்பேசியை எடுத்ததும் மாதா வணக்கத்தைப் பற்றி எழுதத் தொடங்கி, வசைமொழியில் முடிக்கிறார்கள். எதிரே முகம் இல்லாதபோது சொல் கூர்மையடைகிறது. இது புதிய நோயன்று. நம் மண்ணில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுப் பழமையுடையது.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் போதகர் சீகன்பால்கு, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். இந்திய மொழி எதிலும் அதற்குமுன் அது அச்சேறியதில்லை. தமிழ் கற்றுச் சில ஆண்டுகளே ஆன அயல்நாட்டவரின் நடையில் குறைகள் இருந்தன. அவற்றைக் காணும் தகுதி, தேம்பாவணி பாடிய நம் வீரமாமுனிவருக்கு நிரம்ப இருந்தது. ஆயினும் 1728இல் எழுதிய வேதவிளக்கத்தில், அவர் குறைகளைச் சுட்டியதோடு நிற்கவில்லை, எள்ளி நகையாடினார். தரங்கம்பாடியாரிடமிருந்து 'திருச்சபை பேதகம்' வந்தது. முனிவரிடமிருந்து 'பேதகமறுத்தல்' பிறந்தது. ஏச்சுக்கு ஏச்சு வளர்ந்தது.

நம் முனிவரை நாம் போற்றுகிறோம். போற்றுவதாலேயே இரண்டு உண்மைகளை மறைக்கலாகாது. சீகன்பால்கு 1719இலேயே, முப்பத்தாறு வயதில் இறந்துவிட்டார். அந்த நகைப்புக்கு மறுமொழி சொல்ல அவர் உயிருடன் இல்லை. மேலும், நம் தரப்பில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது 1857இல்தான். நாம் செய்யாத பணியைச் செய்ய முனைந்தவரையே நாம் நகைத்தோம்.

குறை என்னவோ உண்மையே. ஆனால் அதனைக் களைந்தது எது? வேப்பேரியில் நெடுங்காலம் பணியாற்றிய லுத்தரன் போதகர் பப்ரிசியுஸ், அம்மொழிபெயர்ப்பை ஆண்டுக்கணக்கில் சொல் சொல்லாகச் சீர்செய்து 1772இல் வெளியிட்டார். ஏளனம் புண்படுத்திய இடத்தில் பொறுமையான உழைப்பு திருத்தம் செய்தது.

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டை வெளியிட்டது. பிரிந்த சகோதரரைப் பற்றி உண்மைக்கும் நீதிக்கும் ஒவ்வாத சொற்களை விலக்குமாறு அது நம்மைக் கேட்டது. அதன் கனிகளுள் ஒன்று, 1995இல் இரு தரப்பு அறிஞரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. நாம் 'சர்வேசுரன்' என்றோம். அவர்கள் 'பராபரன்' என்றும், பின்னர் 'தேவன்' என்றும் வழங்கினார்கள். அப்புத்தகம் 'கடவுள்' என்றது. அத்துடன் கருத்து வேற்றுமை ஒழிந்துவிடவில்லை. பல சீர்திருத்தச் சபைகள் இன்றும் பழைய மொழிபெயர்ப்பையே வாசிக்கின்றன. எனினும், வேறுபட்டவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் எடைபோட இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

மறுப்பது தவறன்று. நம் நம்பிக்கைக்கு விளக்கம் கேட்போருக்கு விடையளிக்க ஆயத்தமாயிருக்குமாறு பணிக்கும் பேதுருவின் முதல் திருமுகம், அவ்விடை பணிவோடும் மரியாதையோடும் அமையவேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. முதற் பாதியைக் கைக்கொண்டு மறுபாதியை மறந்தது நம் பிழை.

ஆகவே அன்பர்களே, இன்றிரவு மறுமொழி எழுதுமுன் ஒரு கணம் நிற்போம். நாளைக் காலை அதே இயந்திரத்தின் மறுபுறம் அவர் நிற்பார். எழுதிய சொல்லை அவர் முகம் பார்த்து நம்மால் சொல்ல இயலுமாயின் அனுப்புவோம்; இயலாதாயின் அழிப்போம்.