பூட்டான் எடுத்த ரிஸ்க்

குவாஹாத்திக்கு மாற்றலாகி வந்த புதிதில் சக அதிகாரி ஒருவர், "2003-ல பூட்டான் தீவிரவாதிகளை அடிச்சது நம்ம காசுக்காகத்தான் சார்" என்றார். வங்கிக்காரன் புத்தி, கணக்கைப் புரட்டிப் பார்த்தேன்.

காசு உண்மைதான். 336 மெகாவாட் சுக்கா நீர்மின் நிலையத்துக்கு இந்தியா தந்தது 60 சதவீதம் மானியம், 40 சதவீதம் கடன். மிஞ்சும் மின்சாரத்தை வாங்குவதும் நாம்தான். அவர்கள் நுல்ட்ரமுக்கும் நம் ரூபாய்க்கும் ஒரே மதிப்பு.

ஆனால் செலவுப் பக்கமும் இருக்கிறதே! உல்ஃபா, போடோ, கே.எல்.ஓ. குழுக்கள் தெற்கு பூட்டான் காடுகளில் முகாம் போட்டிருந்தன. கிழக்கு பூட்டான்காரர்கள் தலைநகர் திம்புவுக்குப் போக அசாம் வழியைத்தான் நம்பியிருந்தார்கள். அந்த வழியில் 2000 டிசம்பரில் பூட்டான் பயணிகள் கொல்லப்பட்டார்கள். கை வைத்தால் இன்னும் என்ன ஆகுமோ என்ற பயம். மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் வருடக்கணக்கில் பேசிப் பார்த்தார். 2001-ல் உல்ஃபா நான்கு முகாம்களை மூட ஒப்புக்கொண்டது, பிரச்சினை தீரவில்லை. 2003 டிசம்பர் 15-ல் அந்தச் சின்னப் படை காட்டில் இறங்கியது. 30 முகாம்கள் அழிந்தன. பூட்டான் வீரர்களும் செத்தார்கள்.

"நாம கொடுத்தது பணம், அவங்க கொடுத்தது உயிர். ரெண்டையும் ஒரே பேரேட்டுல எழுத முடியுமா?" என்று நண்பரைக் கேட்டேன். "அதுவும் சரிதான்" என்று டீயை உறிஞ்சினார்.