ரெஸ்ரோரண்ட்: ஒரு சொல்லின் சமூக வரலாறு

நமது நகரங்களின் கடைப் பலகைகளில் 'ரெஸ்ரோரண்ட்' என்ற சொல்லை அன்றாடம் காண்கிறோம். ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்த இப்பிரெஞ்சுச் சொல் தொடக்கத்தில் ஓர் இடத்தைக் குறிக்கவில்லை. ஒரு கோப்பை இறைச்சிச் சாற்றையே குறித்தது என்றால் வாசகர் வியப்புறலாம்.

'பழைய நிலைக்கு மீட்டல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது இச்சொல். இழந்த வலிமையை உடலுக்கு மீட்டுத் தரும் உணவுக்கும் மருந்துக்கும் அது பெயராயிற்று. திதரோ பதிப்பித்த கலைக்களஞ்சியத்தில், 1765இல் வெளிவந்த தொகுதியும் இதனை மருத்துவச் சொல்லாகவே தந்தது.

1760களின் நடுப்பகுதியில் பாரிஸ் நகரில் இச்சாற்றை விற்கும் கடைகள் தோன்றின. அவற்றைத் தொடங்கியோருள் ரோஸ் த சாந்துவாசோ குறிப்பிடத்தக்கவர். அதுவரை, சத்திரங்களில் குறித்த நேரத்தில், பொது மேசையில் அமர்ந்து, வைத்ததை உண்ண வேண்டியிருந்தது. புதிய கடைகளிலோ விரும்பிய நேரத்தில், தனி மேசையில், வேண்டியதைக் கேட்டு உண்ணலாம். சாற்றின் பெயர் கடைக்கு ஆயிற்று. நம் இலக்கணகாரர் கூறும் ஆகுபெயர் இதுவே.

1789ஆம் ஆண்டுப் புரட்சியில் எசமானரை இழந்த பிரபுக்களின் சமையற்காரர் கடை திறந்தமையாலேயே ரெஸ்ரோரண்ட் பிறந்தது என்பர். இது முழு உண்மையன்று. முன்னரே பிறந்துவிட்ட அதனைப் புரட்சி பெருக்கியது எனலாம். பிரபுவின் உணவு பணமுள்ள எவருக்கும் கிடைக்கலாயிற்று. பிறப்புரிமையின் இடத்தில் பணவுரிமை அமர்ந்தது. நலிந்தோரைத் தேற்றப் பிறந்த சொல் வசதி படைத்தோரின் வாயிலில் ஏறிக்கொண்டது.

அப்படியாயின் உழைப்பாளி எங்கே உண்டான்? 1850களில் டுவால் என்னும் இறைச்சிக் கடைக்காரர் பாரிஸ் சந்தைத் தொழிலாளருக்கு அவித்த மாட்டிறைச்சியும் சாறும் மலிவாக விற்றார். அவ்வகைக் கடைகள் 'பூய்யோன்' எனப்பட்டன. அச்சொல்லின் பொருளும் இறைச்சிச் சாறே! ஒரு சாற்றின் பெயர் செல்வர் பக்கம் போக, மற்றொன்றின் பெயர் ஏழையர் பக்கம் வந்தது.

1985இல் கொலூஷ் என்ற நகைச்சுவைக் கலைஞர் வறியோருக்கு இலவச உணவளிக்கும் அமைப்பொன்றைத் தொடங்கி, 'இதயத்தின் ரெஸ்ரோரண்டுகள்' எனப் பெயரிட்டார். சொல் தன் பழம்பொருளை மீண்டும் அடைந்தது. ஆயினும், செல்வம் கொழிக்கும் ஒரு நாட்டில் அவ்வமைப்பு இன்றும் தேவைப்படுகிறது என்பதையே நாம் சிந்திக்க வேண்டும். சொல்லை மீட்டாயிற்று, பசித்தவனை மீட்கும் பணி எஞ்சி நிற்கிறது.